கோமதிக்கு வந்த அழைப்பு

நவம்பர் 3, திங்கள்

இன்று அக்காவுக்கு ஒரு அழைப்பு வந்தது.

அப்பாவின் போனில்தான் வந்தது. சின்ன எழுத்து அவருக்குத் தெரியாது என்பதால் எப்போதும் போல என்னிடம் நீட்டினார். நானும் எப்போதும் போலச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன். "வாழ்த்துகள். தங்கள் மகள் மா. கோமதி, இந்திய அளவில் மிகச் சிறந்த மாணவர்களில் ஒருவராக இளஞ்சுடர் கௌரவ சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளார்." பெயரை வாசித்து முடித்த பிறகுதான் அது என்ன பெயர் என்று எனக்கு உறைத்தது. அடுப்படியில் அரிசி களைகிற சத்தம் நின்றது.

அப்பா போனை வாங்கித் துண்டால் துடைத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதன் பிறகு மழை வருமா என்று கேட்டார். வராது என்று அம்மா சொன்னாள். சாப்பிட்டோம்.

வருகிற டிசம்பர் வந்தால் அக்கா இறந்து இரண்டு வருடம். எங்கள் வீட்டில் இந்த வாக்கியத்தை யாரும் சொல்வதில்லை. பெயரையும் சொல்வதில்லை. நான்தான் இன்று முதல்முறையாகச் சொல்லியிருக்கிறேன், அதுவும் தெரியாமல்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் ஒரே அறை. விளக்கைப் போட்டால் எழுந்துவிடுவார்கள். வாசலில் நிற்கும் அப்பாவின் ஆட்டோவில், பின் சீட்டில், மழைப்படுதாவை இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தெரு விளக்கு போதும். ஆனால் இந்தச் சீட்டில் நடுவில் உட்கார முடியவில்லை. ஓரமாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மற்ற ஓரம் யாருக்கு என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

நவம்பர் 5, புதன்

சபையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நல்ல குரல். சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரியான குரல். அப்பா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், ஆட்டோ ஓட்டுகிற பழக்கம்.

"கோமதி அப்பாங்களா சார்?"

"ஆமா."

"பொண்ணு பக்கத்துல இருக்காங்களா சார்?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"இருக்கா" என்றார்.

நவம்பர் 6, வியாழன்

கெமிஸ்ட்ரி டெஸ்ட். பெயரும் வகுப்பும் எழுதிவிட்டு அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 8, சனி

விருது விழா இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மதுரையில், ஒரு பெரிய ஹோட்டலில். பதக்கம், சான்றிதழ், தோளில் போடும் பட்டு நாடா. பெற்றோரும் மேடைக்கு வரலாம். ஆனால் விருதை மாணவர் நேரில் வந்துதான் வாங்க வேண்டுமாம், வேறு ஆள் வரக் கூடாதாம். அதற்கு முன் பள்ளிச் சீருடையில் ஒரு போட்டோவும், "நான் இன்னார்" என்று சொல்லும் ஒரு சிறு வீடியோவும் அனுப்ப வேண்டும். பதிவுக் கட்டணம் உண்டு. அப்பா அதைக் கட்டிவிட்டார். ஆட்டோவுக்குத் தகுதிச் சான்று வாங்கும் எஃப்.சி. வேலையைத் தை மாதத்துக்குத் தள்ளியிருப்பதாக, ஸ்டாண்டில் கூட ஆட்டோ ஓட்டும் இசக்கி மாமாவிடம் போனில் சொன்னது காதில் விழுந்தது.

பிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நேரே பார்க்காமல் பேசினார். ஒரே ஒரு நாள்தான், போய் நின்று வாங்கிக்கொண்டு வந்துவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை, முகமும் ஏறக்குறைய அவள் முகம்தான் என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருந்தால் அது சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம்.

அம்மா எழுந்து பீரோவைத் திறந்தாள். அடித்தட்டிலிருந்து அக்காவின் சீருடையை எடுத்தாள். அந்துருண்டை வாசம். பையில் "மா. கோமதி" என்ற பெயர்ப் பட்டை குத்தியபடியே இருந்தது.

எனக்கு அது சரியாக இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் போட்டிருந்தால் தொளதொளவென்று இருந்திருக்கும். இன்று தோள், கை, இடுப்பு எல்லாம் அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. அக்கா நின்றுபோன வயதுக்கு நான் வந்து சேர்ந்திருக்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

வீடியோ எடுத்தாயிற்று.

அம்மாதான் தலை வாரிவிட்டாள். நான் நடு வகிடு எடுப்பேன். அம்மா சீப்பின் நுனியால் பக்க வகிடு எடுத்தாள். சொல்லிக்கொடுக்காமலே அவள் கை அந்தப் பக்கம் போனது. பொட்டையும் கொஞ்சம் மேலே வைத்தாள். பிறகு என் தாடையைப் பிடித்துத் திருப்பி, முழுதாக, ரொம்ப நேரம் பார்த்தாள். அம்மா என்னை அப்படிப் பார்த்து நாளாயிற்று. பார்க்கட்டும் என்று அசையாமல் இருந்தேன். அது வேறொன்றுமில்லை, அசைந்தால் வகிடு கலையும்.

"நான் மா. கோமதி. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். மருத்துவராகி மக்களுக்குச் சேவை செய்வதே என் லட்சியம்." முதல்முறை என் பெயரைச் சொல்லிவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் மறுபடி எடுத்தார். அடுத்த முறை லட்சியம் மறந்துபோனது. அதற்கடுத்த முறை சரியாக வந்தது. சிரிக்கவும் செய்தேனாம்.

நவம்பர் 10, திங்கள்

பயமாக இருக்கிறது. எழுத்து கோணலாக வருகிறது.

சற்று முன் ஆட்டோவில் வந்து உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதுவதற்குள் வீட்டுக்குள்ளிருந்து அக்கா பேசினாள். "நான் மா. கோமதி" என்றாள். பிறகு அமைதி. பிறகு மறுபடியும், அதே குரலில், "நான் மா. கோமதி."

அப்பா இருட்டில் படுத்துக்கொண்டு அந்த வீடியோவைப் போட்டுப் பார்க்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அது என் குரல்தான். ஆனால் வெளியிலிருந்து கேட்கும்போது என் குரல் இல்லை.

நான் இங்கே வெளியே இருக்கிறேன். அவள் உள்ளே இருக்கிறாள்.

நவம்பர் 11, செவ்வாய்

ரிஸ்வானாவிடம் சொல்லிவிட்டேன். மதியம் சாப்பிடும்போது சொன்னேன். என் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவள். எதையும் நம்பமாட்டாள், ஓசியில் கொடுக்கும் பேனாவைக்கூட எழுதிப் பார்த்துத்தான் வாங்குவாள். ஆள் மாறாட்டம் என்று ஜெயிலில் போடுவார்களா என்று அவளிடம் கேட்டேன். அதற்கு அவள், முதலில் அந்தச் சபை ஜெயிலுக்கு வெளியே இருக்கிறதா என்று பார்ப்போம் என்றாள்.

சாயந்திரம் அவள் வீட்டில், அவள் அண்ணன் போனில் தேடினோம். சபைக்கு அழகான பக்கம் இருக்கிறது. சிரிக்கிற பிள்ளைகள், தங்க நிறத்தில் விளக்கு. ஆனால் அலுவலகம் எந்த ஊரில் என்று இல்லை. யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று இல்லை. எந்த மதிப்பெண்ணை, எந்தப் பள்ளியிலிருந்து வாங்கிப் பார்த்தார்கள் என்றும் இல்லை. "கேட்காமலே நம்ம வீட்டுக் கதவத் தட்டுதான்னா, நம்மளப் பாத்தா வந்தான்? கதவப் பாத்துத்தான் வந்தான்" என்றாள் ரிஸ்வானா.

தென்காசியில் இருக்கும் அவள் பெரியம்மா மகனுக்கும் போன வருடம் இதே போல வேறொரு சபை அனுப்பியதாம். போய் வாங்கி வந்தான். கல்லூரியில் சேரும்போது சான்றிதழை நீட்டினால், அங்கிருந்தவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் மார்க் ஷீட்டைக் கேட்டாராம். பதக்கத்தை இப்போது அவன் தங்கச்சி செப்புச் சாமானோடு வைத்து விளையாடுகிறாள்.

அக்கா பெயர் எப்படி அவர்களுக்குக் கிடைத்தது என்று எனக்குத்தான் ஞாபகம் வந்தது. பதினொன்றாம் வகுப்பில் ஒரு கோச்சிங் சென்டர் இலவசத் திறனறித் தேர்வு வைத்தது. அக்கா பேப்பரின் மேலே பெயர், வகுப்பு, அப்பா நம்பர் எல்லாம் எழுதிக்கொடுத்தாள். அங்கிருந்து எங்கெங்கோ கை மாறியிருக்கும். ஆள் போன பிறகும் அந்த வரி மட்டும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது.

நவம்பர் 13, வியாழன்

அம்மா இன்று எனக்குச் சீனி போடாமல் காப்பி கொடுத்தாள். அக்காதான் சீனி இல்லாமல் குடிப்பாள். நான் குடித்தேன். கசப்பு தெரியவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

ரிஸ்வானா ஒரு யோசனை சொன்னாள். சபையின் பக்கத்தில் "தகுதியுள்ள மாணவரைப் பரிந்துரைக்கவும்" என்று ஒரு இடம் இருக்கிறது. அவள் வீட்டுக்கு எதிர்வீட்டில் சுல்தான் என்று ஒரு நாய். ராஜபாளையம் நாய், வெள்ளை, ஒரு காது கேட்காது. அதைப் பரிந்துரைப்போம் என்றாள்.

பெயர்: சுல்தான். தகப்பனார் பெயர் என்று கேட்டபோது விழித்தோம். எதிர்வீட்டுக்காரர் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும் என்பதால் ராஜபாளையத்தான் என்று போட்டாள். தமிழில் நாற்பது, ஆங்கிலத்தில் முப்பத்தாறு. கணக்கில் இருபத்தொன்று போடச் சொன்னேன்.

"ஏ பிள்ள, ஃபெயிலாக்கிட்டியே. பாவம், கணக்குல ஒன்னவிடக் கொஞ்சம்தான் கம்மி" என்றாள்.

எவ்வளவோ நாளுக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் பயம் வந்தது. நாய்க்கு அழைப்பு வராவிட்டால் என்ன செய்வது? அப்போது அக்காவுக்கு வந்தது உண்மை என்று ஆகிவிடும். உண்மையான இடத்துக்குப் பொய்யாக நான் போக வேண்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மழை தூற ஆரம்பித்தது. உள்ளே பார்த்து, "ஏட்டி கோமதி, அந்த வாளிய எடு" என்றாள்.

"இந்தா வாரேம்மா" என்றேன்.

வாளியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா வாங்கிக்கொண்டாள். ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா கையை நிறுத்தினார், பிறகு துடைத்தார். யாரும் திருத்தவில்லை. துணி நனைந்துகொண்டிருந்தது, அந்த நேரத்தில் பெயரைப் பற்றி என்ன பேச்சு என்றுதான் நான் பதில் சொன்னேன். வேறு காரணம் இல்லை.

நவம்பர் 17, திங்கள்

இன்றும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

நவம்பர் 18, செவ்வாய்

நகராட்சிக்காரர்கள் கொசுப்புகை அடித்துக்கொண்டு போனார்கள். தெரு முழுவதும் வெள்ளையாகிவிட்டது. எதிர்வீடு தெரியவில்லை. ஆட்டோ தெரியவில்லை. புகைக்குள் யாரோ பள்ளிக்கூடப் பையோடு நடந்து வருவது போலத் தோன்றியது. அருகில் வந்தபோது பால்காரர்.

அந்த வருடமும் இதே போலப் புகை அடித்தார்கள், டெங்கு என்று, எல்லாம் முடிந்த பிறகு.

அந்த நாளைப் பற்றி எழுதக் கூடாது என்று இருந்தேன். கொஞ்சம் மட்டும் எழுதுகிறேன். அரையாண்டுத் தேர்வு, பிசிக்ஸ். அக்காவுக்கு மூன்றாவது நாளாகக் காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். எழுதிவிட்டு வரட்டும், வாசலிலேயே நிற்கிறேன், அப்படியே கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்று அப்பா சொன்னார். சொன்னபடியே வாசலில் நின்றார். அன்று ஒரு சவாரிகூட ஏற்றவில்லை. அக்கா கடைசிக் கேள்வி வரைக்கும் எழுதிவிட்டுத்தான் வெளியே வந்தாள். இந்த ஆட்டோவில், நான் இப்போது உட்காராமல் விட்டிருக்கும் இந்த ஓரத்தில் சாய்ந்துகொண்டுதான் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

விடைத்தாளைப் பிறகு பள்ளியில் கொடுத்தார்கள். முழு மதிப்பெண். அப்பா அதை வாங்க வரவில்லை. நான்தான் வாங்கினேன்.

நவம்பர் 20, வியாழன்

சுல்தானுக்கு அழைப்பு வந்துவிட்டது.

"வாழ்த்துகள். ரா. சுல்தான், இந்திய அளவில் மிகச் சிறந்த மாணவர்களில் ஒருவராக..." ஒரு எழுத்துகூட மாறவில்லை. பதக்கம், பட்டு நாடா, மதுரை ஹோட்டல், அதே ஞாயிற்றுக்கிழமை. ரிஸ்வானா அதைக் கடையில் பிரிண்ட் எடுத்து வந்திருந்தாள். தலைமையாசிரியர் குரலில் வாசித்தாள். பாதியில் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அப்பாவிடம் காட்டு, பணம் போனால் போகிறது, மேடையேற வேண்டியதில்லை என்றாள். ஆமாம் என்றேன்.

மேடையேற வேண்டாம் என்றால் நாளைக்குக் காலையில் அம்மா எனக்கு எப்படித் தலை வாருவாள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஏன் அப்படி யோசித்தேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

காட்டவில்லை.

காட்டத்தான் போனேன். அப்பா சலூனுக்குப் போய் முடிவெட்டி வந்திருந்தார். ஆட்டோ கண்ணாடிக்கு முன்னால் குனிந்து நின்று, இரண்டு கையையும் முன்னால் கட்டிப் பார்த்தார். பிறகு பின்னால் கட்டிப் பார்த்தார். மேடையில் கையை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் கேட்டார். பக்கத்தில் தொங்கவிட்டால் போதும் என்றேன். அது போலீஸ்காரர் முன்னால் நிற்பது மாதிரி இருக்கும் என்றார்.

பேப்பர் என் கணக்குப் புத்தகத்துக்குள் இருந்தது. புத்தகத்தைத் திறந்தேன். அப்போதுதான் அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னைக்கி அவள எழுத வச்சது வீணில்லன்னு ஆயிட்டுல்லா."

என்னிடம் சொன்னாரா, கண்ணாடியிடம் சொன்னாரா தெரியாது. புத்தகத்தை மூடிவிட்டேன். நாயின் பெயர் போட்ட ஒரு பேப்பரை எப்படி அவர் கையில் கொடுப்பேன்? ஆனால் கொடுக்காவிட்டால் விழாவன்று மைக்கில் "கோமதி" என்பார்கள், நான் எழுந்து போக வேண்டும். போய்விட்டுத் திரும்பி வருவது யார் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குப் பிறகு ஆவுடை என்று என்னை யார் கூப்பிடுவார்கள்? என் பெயரை இங்கே எழுதி வைக்கிறேன். ஆவுடைச்செல்வி. மா. ஆவுடைச்செல்வி. பழைய காலத்துப் பெயர் என்று எவ்வளவு சண்டை போட்டிருக்கிறேன்.

நவம்பர் 23, ஞாயிறு

சபையிலிருந்து "டிஜிட்டல் சான்றிதழ்" வந்தது. தங்கக் கரை. நடுவில் பக்க வகிடு எடுத்த என் முகம். கீழே அக்கா பெயர்.

அப்பா அதை இசக்கி மாமாவுக்கு அனுப்பினார். இசக்கி மாமா போன வருடம்தான் புளியங்குடியிலிருந்து வந்து அப்பாவின் ஸ்டாண்டில் சேர்ந்தவர். எந்த மக என்று கேட்டிருக்கிறார். மூத்த மகள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். வேறு எதுவும் அப்பா யாரிடமும் சொல்வதில்லை. மற்ற டிரைவர்களும் அவர் மனம் நோகும் என்று அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. ஒரு வருடம் பக்கத்தில் பக்கத்தில் வண்டியை நிறுத்தியும் இசக்கி மாமாவுக்கு எங்கள் வீட்டில் நடந்தது தெரியாது.

நவம்பர் 25, செவ்வாய்

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

பள்ளி விட்டு வந்தேன். எங்கள் தெரு முனையில் மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. ஆள் உயரம். அதில் நான் இருந்தேன். காற்றுக்கு என் கன்னம் உப்பி உப்பி அடங்கியது. கீழே பெரிய எழுத்தில் "மா. கோமதி." அதற்கும் கீழே, "சாதனை மாணவியை வாழ்த்தி வணங்கும் ஆட்டோ ஓட்டுநர்கள்."

இசக்கி மாமாதான் யாரிடமும் சொல்லாமல், அப்பாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று செய்திருக்கிறார். பெயரையும் ஸ்டாண்டையும் ஃபிளெக்ஸ் கடையில் சொல்லிவிட்டு, போட்டோவை அனுப்பியிருக்கிறார். கடையில் அதே பெயரில், அதே ஸ்டாண்ட் கொடுத்த பழைய வேலை ஒன்று கம்ப்யூட்டரில் இருந்திருக்கிறது. புதிதாகச் செய்வானேன் என்று அதையே திறந்து, போட்டோவை மாற்றி, எழுத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் செய்வார்கள். சுற்றிலும் இருந்த வெள்ளைப் பூவை மாற்றவில்லை. கீழே இரண்டு மூலையிலும் எரிந்த குத்துவிளக்கை மாற்றவில்லை.

அது அக்காவின் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ். இரண்டு வருடத்துக்கு முன் இதே மரத்தில் கட்டியிருந்தது.

தெருவில் ஆட்கள் நின்றார்கள். தண்ணீர்க் குடத்தோடு நின்ற ஒருத்தி என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கிட்டே வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருக்கிறதா என்று பார்ப்பது போல. நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கால் இருப்பதே தெரியவில்லை.

அம்மா சத்துணவுக் கூடத்திலிருந்து வந்தாள். அங்கே அவள் சமையல். தூக்குச்சட்டியோடு தெரு முனையில் நின்றாள். மேலே பார்த்தாள். பூவைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அங்கே இருந்த முகத்தை. பிறகு வீட்டுக்குள் போய், தேங்காய் வெட்டுகிற அரிவாளோடு திரும்பி வந்தாள்.

அப்போது அப்பாவும் ஆட்டோவில் வந்து சேர்ந்தார். பின்னால் இசக்கி மாமா, கையில் மிட்டாய்ப் பொட்டலத்தோடு. அம்மா யாரையும் பார்க்கவில்லை. மரத்தடிக் கல்லில் ஏறி முதல் கயிற்றை வெட்டினாள். ஃபிளெக்ஸ் ஒரு பக்கம் சரிந்தது. அப்பா, "ஏளா, எறங்கு, நான் அவுக்கேன்" என்றார்.

அம்மா திரும்பினாள். கத்தவில்லை. சோற்றுக்கு உலை வைத்தாயிற்று என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

"செத்தது ஒருத்திதான். இருக்கவளுக்கும் எதுக்குப் பூப் போட்டு வெளக்கு வச்சிருக்கிய?"

இசக்கி மாமா மிட்டாய்ப் பொட்டலத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அப்பா ஆட்டோவிலிருந்து இறங்கவே இல்லை. ஹேண்டிலில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

அம்மா மற்றக் கயிற்றையும் வெட்டினாள். அது தரையில் விழுந்தது. அதை மிதிக்காமல் சுற்றி வந்து என் கையைப் பிடித்தாள். வீட்டுக்குள் கூட்டிப்போய், அடுப்படியில் உட்கார வைத்து, என் பின்னலைப் பிரித்தாள். பக்க வகிட்டை இரண்டு கையாலும் கலைத்துவிட்டாள். சீப்பை எடுக்கவில்லை, விரலாலேயே கோதினாள். ரொம்ப நேரம் கோதினாள். "நானுந்தானளா கூப்புட்டேன்" என்றாள். "நீயும் ஏன்னு கேக்காம வந்தியே."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. தலையை இன்னும் கொஞ்சம் அவள் கைக்குள் சாய்த்தேன்.

நவம்பர் 26, புதன்

அப்பா இன்று வண்டி எடுக்கவில்லை. நான் பள்ளிக்குக் கிளம்புமுன் கணக்குப் புத்தகத்திலிருந்து அந்தப் பேப்பரை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன். தள்ளி நின்றுகொண்டேன்.

தூரமாகப் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். சுல்தான் யார் என்று கேட்டார். சொன்னேன். மறுபடி வாசித்தார்.

"நாயி எத்தன மார்க்கு?"

"கணக்குல இருவத்தொண்ணு."

அப்பாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். சிரிக்கத்தான் செய்தார், முதலில்.

"நம்ம கோமதி நூறுட்டி" என்றார். "பிசிக்ஸு. காச்சலோட. நூறு."

விடைத்தாளைத்தான் அவர் பார்த்ததே இல்லையே என்று எனக்கு இருந்தது. பார்த்திருக்கிறார். எப்போது, எங்கே எடுத்து என்று கேட்கவில்லை. அம்மா வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பள்ளிக்கு லேட்டாகத்தான் போனேன்.

நவம்பர் 29, சனி

நாளைக்கு விழா. அந்தப் பெண் போன் செய்தாள். அதே நல்ல குரல். வருகையை உறுதி செய்ய வேண்டுமாம்.

"கோமதி ரெடியா இருக்காங்களா சார்?"

அப்பா ஸ்பீக்கரை அணைக்கவில்லை. போனைத் தரையில் வைத்துவிட்டு, அதைப் பார்த்தபடியே பேசினார்.

"அவ இல்ல."

"வெளிய போயிருக்காங்களா சார்? எப்ப வருவாங்க?"

"செத்துட்டா. ரெண்டு வருசம் ஆச்சு. காச்சலோட பரீட்சைக்கிக் கூட்டிட்டுப் போனேன். நாந்தான் கூட்டிட்டுப் போனேன்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் சத்தம் இல்லை. அவளும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே, அழுகிறாளோ என்று நினைத்தேன். பின்னால் வேறு பெண்கள் வேறு போன்களில் வாழ்த்துச் சொல்வது மட்டும் கேட்டது.

"சாரி சார்" என்றாள். கொஞ்சம் விட்டு, "வீட்டுல வேற ஸ்டூடண்ட் யாராச்சும் இருக்காங்களா சார்? பேர மட்டும் மாத்திக்கலாம்."

அப்பா என்னைப் பார்த்தார்.

"இருக்கா" என்றார். "கணக்குல முப்பத்தெட்டு எடுப்பா. ஒங்க சபைக்கி வரமாட்டா. இங்கன எங்க கூடத்தான் இருப்பா."

போனை வைத்துவிட்டார்.

டிசம்பர் 2, செவ்வாய்

விழா முடிந்துவிட்டது. செய்திகள் மட்டும் வந்துகொண்டே இருக்கின்றன. பெயரை இன்னும் அவர்கள் எடுக்கவில்லை. எடுக்கமாட்டார்கள், அங்கே இருப்பது ஆள் இல்லை, மெஷின், நம்பரை பிளாக் செய்துவிடு என்று ரிஸ்வானா சொன்னாள்.

சாயந்திரம் அப்பா போனை என்னிடம் நீட்டினார். இன்றைக்கும் ஒன்று வந்திருந்தது. நான் பிளாக் செய்யும் இடத்தைக் கண்டுபிடித்து விரலை வைத்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

பொய் என்று தெரிந்துவிட்டதே, இன்னும் எதற்கு என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"பொய்தான். ஆனா அவ பேருக்கு வேற யாருட்டி எழுதுதா?" என்றார். பிறகு, "நீ வாசி, ஆவுட" என்றார்.

என் குரலிலேயே, சத்தமாக வாசித்தேன்.

"அன்புள்ள கோமதி, ஞாயிற்றுக்கிழமை உங்களுக்காகக் காத்திருந்தோம். நீங்கள் ஏன் வரவில்லை என்று தெரியவில்லை. கவலைப்பட வேண்டாம், உங்கள் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. உங்கள் இடம் உங்களுக்காக அப்படியே இருக்கிறது."

அப்பா முகத்தைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார். அடுப்படியில் அரிசி களைகிற சத்தம் எப்போதோ நின்றிருந்தது.

"இன்னொருக்க வாசி" என்றாள் அம்மா.